வாசலுக்கு அப்பாலும் ஓர் ஊர்

வல்லம் வடகால்,
தை மாதம் 12-ஆம் நாள்.

சிரஞ்சீவி பவித்ராவுக்கு, செங்கத்தில் உன் அப்பா, அம்மா, தம்பி யாவரும் சுகமாக இருப்பதாக என் தங்கை தொலைபேசியில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்தது. பேத்தி முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே தங்கப் போகிறாள் என்ற கவலையும், தன் பிறந்த ஊரிலேயே தங்கி வேலைக்குப் போகப் போகிறாள் என்ற சந்தோஷமும் அந்தக் குரலில் கலந்திருந்தன.

நீ அனுப்பிய குரல் செய்தியை உன் பாட்டி எனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினாள். "தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு, போக வர பஸ், எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம் தாத்தா, நான் எதைப் பத்தியும் யோசிக்கவே வேண்டாமாம்" என்று அதில் நீ சொல்லியிருந்தாய். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபிறகுதான் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தொலைபேசியில் பேசினால் நீ "சரி தாத்தா, சரி தாத்தா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் என்றைக்காவது ஓர் இரவு உறக்கம் வராதபோது எடுத்துப் படிப்பாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் வீடு இதே ஊரில் இருக்கும்போது பெண் ஏன் விடுதியில் தங்க வேண்டும் என்று உன் அப்பா கேட்டாராம், நியாயமான கேள்விதான். ஆனால் இரவுப் பணிக்குப் போகிற நாளிலும் விடியற்காலையில் திரும்புகிற நாளிலும் உன்னைப் பத்திரமாக ஏற்றி இறக்குகிற வண்டி விடுதி வாசலுக்குத்தான் வரும்; எங்கள் தெருவுக்கு வராது. பகலில் நீ உறங்க வேண்டிய நேரத்தில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும், உறவினர் வருவார்கள். அதற்கும் மேலாக, உன் வயதுப் பெண்களோடு சேர்ந்து இருந்து, விட்டுக்கொடுத்து, சண்டையிட்டு, சமாதானமாகி வாழ்வது ஒரு கல்வி. அதை நான் உனக்குத் தர முடியாது. ஆகையால் நீ விடுதியில் தங்குவதே சரி என்று உன் அப்பாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த விடுதியைப் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சிப்காட் வளாகத்தில் 20 ஏக்கர் நிலத்தில் 706 கோடியே 50 லட்ச ரூபாய் செலவில் அது எழும்பியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார். நீ வேலைக்குச் சேரப்போகிற ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியூவும் அன்று வந்திருந்தார். பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 பெண்கள் ஒரே வளாகத்தில் உறங்கி எழலாம். எத்தனையோ கிராமங்களின் ஜனத்தொகையைக் கூட்டினாலும் இந்த எண்ணிக்கை வராது. மானாவாரிப் பயிரும் சவுக்குத் தோப்புமாக இந்தப் பூமியைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரவில் மொட்டைமாடியில் நின்று அந்தப் பத்து மாடி விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டுப் படியைத் தாண்டவிடாமல் பெண்களை வளர்த்த ஒரு தேசத்தில் இத்தனை ஆயிரம் பெண்கள் தங்கள் கையால் சம்பாதித்து, தங்கள் பெயரில் ஒரு கட்டில் பெற்று உறங்குகிறார்களே என்று எனக்கு மெய்யாகவே பூரிப்பு உண்டாகிறது. அந்த விடுதியின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்லப்போவது விடுதியைப் பற்றியதன்று. எல்லாச் சௌகரியங்களும் ஒரே வாசலுக்குள் அடங்கியிருக்கும் எந்த இடத்திலும் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது. அதை நான் இங்கே கற்கவில்லை, கடல் கடந்த ஒரு தீவில் போய்க் கற்றேன்.

உன் மாமா லண்டனிலிருந்து என்னையும் பாட்டியையும் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிரேக்க தேசத்துக் கோஸ் தீவுக்கு ஒரு வாரம் அழைத்துப்போன சங்கதி உனக்குத் தெரியும்; நாங்கள் கடற்கரையில் நின்ற படத்தை நீதான் பெரிதாக்கி அச்சிட்டு அனுப்பினாய். ஆனால் அந்தப் படத்தில் இல்லாதவை சில உண்டு.

உன் மாமா பெரிய சம்பளக்காரன் அல்லன். விமானம், விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் பஸ், அறை, மூன்று வேளை உணவு, பானங்கள் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டிவிடும் மலிவான ஏற்பாட்டைத்தான் அவன் தேடிப் பிடித்திருந்தான். 'எல்லாம் அடக்கம்' என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். நள்ளிரவில் போய் இறங்கினோம். ஹிப்போகிராட்டஸ் என்ற பழைய மருத்துவரின் பெயர் சூட்டிய விமான நிலையம், சிறிய விடுதி, சுத்தமான விரிப்பு. மறுநாள் காலையில் எங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் வரையில் அது கழற்ற முடியாத பட்டை. அதைக் காட்டினால் போதும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுக்கலாம், நீச்சல்குளத்து அருகே குளிர்பானம் கேட்கலாம், மாலையில் ஐஸ்கிரீம் வாங்கலாம். யாரும் பணம் கேட்பதில்லை. எங்கள் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பாட்டி பயந்துகொண்டே வந்தாள். அங்கே தக்காளிக்குள் அரிசியைப் பொதிந்து வேகவைக்கிறார்கள். பெரிய வெள்ளை மொச்சை போன்ற பருப்பைத் தக்காளிச் சாற்றில் சமைக்கிறார்கள். கீரையை அவித்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருகிறார்கள். இரண்டாம் நாளே பாட்டி அந்த மொச்சையைத் தேடிப் போகத் தொடங்கிவிட்டாள்.

எல்லாம் அடக்கம் என்றார்களே தவிர எல்லாம் அடங்கிவிடவில்லை. முதல் நாளே வரவேற்பு மேஜையில் அறைக்கு ஓர் இரவுக்கு 5 யூரோ வீதம், எங்கள் இரண்டு அறைகளுக்கும் ஏழு இரவுக்கு 70 யூரோ தனியே வாங்கினார்கள். காட்டுத்தீயும் வெள்ளமும் அந்த நாட்டைச் சூறையாடியபிறகு, பருவநிலை இடர்களுக்காக அந்த அரசாங்கம் தங்குவோரிடம் வசூலிக்கும் கட்டணம் அது. நியாயமான காரணந்தான். ஆனால் அந்த 70 யூரோவை எங்களால் முன்கூட்டி எண்ணிப் பார்க்க முடியவில்லை, காரணம் 'எல்லாம்' என்ற சொல்லை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள். உன் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

மூன்றாம் நாள் இரவு படுக்கையில் பாட்டி என்னைக் கேட்டாள்: "நாம இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?" நான் தீவின் பெயரைச் சொன்னேன். "அது தெரியும், இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று நாளாக அறை, சாப்பாட்டுக் கூடம், நீச்சல்குளம், மறுபடி சாப்பாட்டுக் கூடம் என்று சுற்றிக்கொண்டிருந்தோமே தவிர வாசற்படியைத் தாண்டவே இல்லை. பணம் கட்டியாகிவிட்டது, வெளியே போய்ச் சாப்பிட்டால் இங்கே கட்டியது வீண் என்கிற ஒரு கணக்கு எங்களை அறியாமலேயே எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்தவன் நான். இவ்வளவு தூரம் பறந்துபோய், ஒரு விடுதியின் மதிற்சுவருக்கு உள்ளேயே மூன்று நாளைக் கழித்துவிட்டேன் என்பது அந்த இரவில் என்னை மிகவும் வருத்திற்று.

மறுநாள் காலை ஊர்ப் பஸ்ஸில் ஏறிக் கோஸ் பட்டணத்துக்குப் போனோம். அதற்கு அருகே மலைச்சரிவில் அஸ்கிளெபியோன் என்ற புராதன வைத்தியசாலையின் இடிபாடுகள் இருக்கின்றன. கி.மு. 460-ஐ ஒட்டி அந்தத் தீவில் பிறந்த ஹிப்போகிராட்டஸின் காலத்துக்குப் பின் எழுந்த அந்த ஆலயத்துக்கு, கடல் கடந்து நோயாளிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த அதை 1902-இல் தோண்டத் தொடங்கி வெளிக்கொணர்ந்தார் ருடால்ஃப் ஹெர்சோக் என்ற ஜெர்மானியப் பண்டிதர். தளம் தளமாக உயரும் கற்படிகளில் ஏறி மேலே நின்றால், கீழே கடலும் கடலுக்கு அப்பால் துருக்கி தேசத்து மலைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. மற்றொரு நாள் திக்கேயோஸ் மலைச்சாரலில் ஸியா என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கே ஒரு கிழவி சிவந்த சர்பத்து ஒன்றைக் கொடுத்தாள்; பாட்டி ஒரு வாய் குடித்ததுமே "பட்டை!" என்று கூவிவிட்டாள். ஆம், இலவங்கப் பட்டைதான். கனெலாதா என்று அதற்குப் பெயர், அந்தத் தீவின் விசேஷ பானம் அது. நம் பக்கத்துக் கடலில் புறப்பட்ட வாசனை அத்தனை தூரத்து மலையூரில் ஒரு கிழவியின் கையிலிருந்து எங்களிடம் திரும்பி வந்தது. விடுதியில் ஏழு நாளும் வகைவகையாகக் குடித்த பானங்களில் ஒன்றாவது எனக்கு இன்று ஞாபகமில்லை. அந்தப் பட்டைச் சர்பத்தின் ருசி நாக்கிலேயே நிற்கிறது.

ஆனால் அம்மா, உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுவும் அன்று. எங்கள் அறையைத் தினமும் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள், உனக்கு மூத்தவள், முப்பது வயது இருக்கும், அல்பேனிய தேசத்தவள். பாட்டிக்கு அவளிடம் பிரியம் உண்டாகிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைக் கொடுத்தாள். உன் மாமாவை மொழிபெயர்க்கச் சொல்லி அவளோடு பேசினோம். மே மாதம் வந்தால் அக்டோபர் வரையில் அங்கேதான் வாசம். விடுதியின் பின்கட்டில் நான்கு பேருக்கு ஓர் அறை. சாப்பாடும் அதே சமையற்கட்டிலிருந்து. அவளுக்கும் எல்லாம் அடக்கந்தான். நாங்கள் அஸ்கிளெபியோன் பார்த்துவந்த கதையைப் பாட்டி ஆர்வமாகச் சொன்னபோது அவள் விழித்தாள். இரண்டு கோடைக்காலம் அந்தத் தீவில் வேலை செய்தவள் அதைப் பார்த்ததில்லை. பட்டணத்துக்குப் பஸ்ஸில் அரை மணிப் பிரயாணம். இருந்தும் அதற்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வேலை, சாப்பாடு, உறக்கம், கைப்பேசி, மறுபடி வேலை. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை; சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணந்தான் என் நெஞ்சில் தைத்தது. விருந்தாளியும் வேலையாளும் ஒரே மதிலுக்குள் அடைபட்டிருந்தோம்; விருந்தாளிக்காவது ஏழு நாளில் விடுதலை.

ஊருக்குத் திரும்பி வந்த சில வாரங்களில், இங்கே மருந்துக்கடையில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். தலைவலி மாத்திரை வாங்க வந்தவள். எந்த ஊர் அம்மா என்றேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றாள். இந்த விடுதிக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறதாம். நான் எங்கள் தெருவைச் சொல்லி, இங்கேதான் பிறந்து வளர்ந்தேன் என்றதும் அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "இங்கே ஊர்கூட இருக்கா தாத்தா? வெறும் கம்பெனிதான்னு நெனச்சேன்" என்று கேட்டாள். பதினோரு மாதம் வல்லம் வடகாலில் உறங்கி எழுந்தவளுக்கு வல்லம் வடகால் என்று ஓர் ஊர் இருப்பது தெரியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோஸ் தீவில் முதல் மூன்று நாள் நானும் அவளாகத்தான் இருந்தேன்.

இடமும் உணவும் ஒருங்கே தருவது நமக்குப் புதிதன்று. உன் ஆலை இருக்கிற ஊரின் பெயரைச் சற்று நிதானமாக உச்சரித்துப் பார்: சுங்குவார்சத்திரம். வழிப்போக்கருக்குத் திண்ணையும் சோறும் தந்த சத்திரத்தின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் தோற்றுவித்த முத்தாம்பாள் சத்திரத்தில் அன்னத்தோடு பாடசாலையும் வைத்தியமும் இருந்தன. வந்தவன் உண்டு, இளைப்பாறி, நோய் இருந்தால் மருந்து பெற்று, தன் வழியே போகலாம். அவன் பிரயாணம் அவனுடையதாகவே இருந்தது. மேல்நாட்டில் இதே காரியம் வியாபாரமாக உருவெடுத்தது. 1936-இல் பில்லி பட்லின் என்பவர் இங்கிலாந்தில் ஸ்கெக்னஸ் கடற்கரையில், ஆலைத் தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை என்று சொல்லி, இடமும் மூன்று வேளை உணவும் கேளிக்கையும் சேர்த்து ஒரு முகாம் திறந்தார். 1950-இல் ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து இதையே வேறு விதமாகச் செய்தார். நாங்கள் கட்டிக்கொண்ட கைப்பட்டைக்கு மூலம் அங்கேதான். விடுமுறையே அறியாத ஏழைத் தொழிலாளி கடலைப் பார்த்தது அந்த முகாம்களால்தான் என்பதை மறுக்கக் கூடாது. நானும் பாட்டியும் கிரேக்கக் கடலைப் பார்த்தது அந்த மலிவால்தான். ஆயினும் சத்திரத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. சத்திரம் பிரயாணியை அவன் வழியில் அனுப்பிவைக்கிறது. இது அவனை உள்ளேயே வைத்துக்கொள்வதில் லாபம் காண்கிறது. நீ தங்கப்போவது விடுமுறைக்கும் அன்று, ஒரு வாரத்துக்கும் அன்று. ஆகையால் இந்த வேற்றுமை உனக்குத்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி உனக்குச் சொல்ல வேண்டிய நடைமுறைக் காரியங்கள். சோற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், பூந்தமல்லிக்கு அருகே தனியார் நடத்திய ஒரு விடுதியில், கைப்பேசி ஆலைப் பெண்கள் கெட்டுப்போன உணவை உண்டு நோய்வாய்ப்பட்டார்கள்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தங்கள் அறைத் தோழிகள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாமற்போகவே, இறந்துவிட்டார்கள் என்ற பொய்ச்செய்தி பரவி, பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பனியில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைக் கேள்விப்பட்டு நாங்கள் உறங்கவில்லை. ஆலை சில வாரம் மூடிக்கிடந்து மறு ஜனவரியில் திறந்தது. இன்று நீ போகிற விடுதி இப்படி அரசாங்கத்தின் முயற்சியால் எழும்பி, விசாலமாக நிற்கிறதென்றால், அதற்கு அந்தப் பெண்களின் குரலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆகையால் சோறு சரியில்லை என்றால் வாய் திறந்து சொல்; 'ஓசிச் சோறுதானே' என்று யாராவது உன் வாயை அடைத்தால் நம்பாதே. அது ஓசிச் சோறு அன்று, உன் உழைப்பின் கூலியில் ஒரு பகுதி. தனியாகச் சொல்லத் தயங்கினால் அறையிலுள்ள ஆறு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். எழுதிய தாளின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறைத் தோழி ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் அவளை எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். முடிந்தால் உடன் போ.

சம்பளச் சீட்டை மாதாமாதம் படி. தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் என்ன பிடித்தார்கள், பிடிக்கவில்லையா, வருங்கால வைப்புநிதிக்கு எவ்வளவு, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாகப் பார். ஈ.எஸ்.ஐ.க்கு உன் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் போகிறது, முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். ஆகையால் அந்த மருத்துவம் உன் உரிமை, யாருடைய தயவும் அன்று. வைப்புநிதிக்காக உனக்குத் தரும் யு.ஏ.என். என்ற பொது எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. கோஸ் தீவில் நாங்கள் எதிர்பாராமல் கொடுத்த 70 யூரோவைச் சொன்னேன் அல்லவா? எல்லாம் அடக்கம் என்று யார் சொன்னாலும், எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கணக்கு எழுதும் பழக்கம் உன் பாட்டிக்கு உண்டு, உனக்கும் இருக்கட்டும். வாடகை இல்லை, சோற்றுக்குக் கவலை இல்லை என்னும்போது கையில் வந்த பணம் எங்கே போகிறது என்று தெரியாமலே போய்விடும். உன் அப்பாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புவது என்று நீயே தீர்மானம் செய். ஆனால் முழுவதையும் அனுப்பாதே. உன் பெயரில், உன் கையெழுத்தில் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு சேமிப்பு இருக்க வேண்டும். இதை உன் அப்பா என்மேல் கோபப்பட்டாலும் சொல்வேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் திறந்தபோது இந்த வட்டாரமே திருவிழாக் கோலம் பூண்டது. எத்தனையோ கிராமத்துப் பெண்களைக் கம்பெனி பஸ்கள் வந்து ஏற்றிச் சென்றன. அவர்கள் உட்கார்ந்து போனதைப் பார்க்கவே கம்பீரமாக இருக்கும். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஒரே நாளில் பஸ்ஸும் இல்லை, சாப்பாடும் இல்லை, அடையாள அட்டைக்கும் அர்த்தம் இல்லை. சேமித்து வைத்தவர்களும், வேலையோடு ஒரு படிப்பையும் விடாமல் தொடர்ந்தவர்களும் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் பட்ட பாட்டை இந்தத் தெருவிலேயே நான் பார்த்தேன். நீ பாதியில் விட்ட பி.காம். பட்டத்தைத் தபால்வழியிலாவது முடித்துவிடு. கட்டணம் கட்டச் சிரமம் என்றால் எனக்கு எழுது.

உறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பணிமுறை மாறும் வாரங்களில் கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காதே. அவ்வளவுதான், இதற்கு மேல் நான் சொன்னால் நீ கேட்கவும் மாட்டாய்.

வாசலுக்கு வெளியே போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. விடுதிக்கு வெளியே சென்று திரும்ப நேர வரையறை இருக்கும். அத்தனை பெண்களின் பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். அந்த விதிகளை நீயே படித்து, அவை உனக்கு அனுமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்தையும் உபயோகப்படுத்திக்கொள். வார விடுமுறையில் முழு நாளும் கட்டிலில் கிடக்கச் சொல்லும் உடம்பு. பாதி நாளை அதற்குக் கொடு, மீதியை உனக்கு வைத்துக்கொள். வல்லக்கோட்டை முருகன் கோயில் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஏழடி உயரத்தில் நிற்கும் அந்த முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். செங்கத்துக்காரியான உனக்கு அருணகிரி உன் ஜில்லாக்காரர், மறந்துவிடாதே. ஸ்ரீபெரும்புதூருக்குப் போ, 1017-இல் இராமானுஜர் அவதரித்த ஊர் அது. குருவிடம் இரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று எல்லோர்க்கும் கேட்கச் சொன்னார் என்று அவரைப் பற்றி நம்மவர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவருடைய சந்நிதியில் சற்று உட்கார்ந்துவிட்டு வா. ஏரிக்கரையில் மாலை வேளையில் நடந்து பார்; மழைக்காலத்தில் நீர்ப்பறவைகள் வரும். சந்தையில் காய் விற்கிறவளிடம் விலை கேள். டீக்கடையில் நின்று ஒரு டீ குடி, விடுதியில் டீ இருந்தாலும் குடி. அந்தப் பத்து ரூபாயில் இந்த ஊரில் ஒரு மனுஷர் உன் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்வார். ஒரு சமயத்துக்கு உதவுவார். கோஸ் தீவில், எல்லாம் அடக்கம் என்ற விடுதிகளுக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் காய்ந்துகிடந்த சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்தேன். வந்தவர்கள் வெளியே வராவிட்டால் ஊர் வாடிப்போகும். எங்கள் ஊர் நிலம் கொடுத்த ஊர், அம்மா. இங்கே வந்திருக்கும் பெண்கள் எங்களைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடக் கூடாது என்கிற ஏக்கம் எங்களுக்கு உண்டு. நாங்களும் அவர்களை 'ஹாஸ்டல் பொண்ணுங்க' என்று ஒதுக்கிவிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக வேண்டும். அந்தக் குறை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது.

உன் அறையில் இருக்கப்போகிற ஐந்து பேரும் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், வேறு மாநிலத்தவராகவே இருந்தாலும், அவர்கள் ஊரில் என்ன விளைகிறது, அவர்கள் அம்மா என்ன குழம்பு வைப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொள். அவர்களில் ஒருத்தி வெகு நாளாக வாசலைத் தாண்டாதவளாக இருந்தால், அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வா.

மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை வரும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அன்று காலைச் சாப்பாடு இங்கேதான். விடுதி வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும். ஏரிக்கரை வேப்பமரத்தடி என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். நான் அங்கே நிற்பேன். உன் அறைத் தோழிகளையும் அழைத்து வா. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் சனிக்கிழமை காலைக்குள் பாட்டிக்குச் சொல்லிவிடு. மாவாட்ட அரிசி ஊறப்போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாத்தா.